மாடி வீடுகளில் குடிமதிப்பு

2011 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 9 ஆம் நாள் காலையில், சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரும்பு வாயிலுக்கு வெளியே நான் நின்றுகொண்டிருந்தேன். தோளில் படிவங்கள் நிறைந்த பை. கழுத்தில் அடையாள அட்டை. கையில் நியமன உத்தரவு. நான் ஒரு பள்ளி ஆசிரியை. ஆசிரியர்களையே பெரும்பாலும் மக்கள்தொகைக் கணக்கெடுக்க அனுப்புவது நம் நாட்டில் நெடுநாள் வழக்கம். உங்கள் ஆசிரியர்களும் அந்தப் பையைச் சுமந்தவர்களாகவே இருப்பார்கள். கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

"சங்கத்துச் செயலாளர் ஐயா சொல்லாமல் யாரையும் உள்ளே விடக்கூடாது அம்மா. அவர் வெளியே போயிருக்கிறார்" என்றார் காவற்காரர். அறுபது வயதிருக்கும். நீலச் சட்டை, தோளில் ஒரு துண்டு. மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் கதவைத் திறக்கவில்லை. கம்பிகளுக்கு அப்பால் இரண்டு கட்டடங்கள், நாற்பத்தெட்டு வீடுகள் கண்ணுக்குத் தெரிந்தன. அவற்றில் இருப்பவர்கள் எத்தனை பேர், யார் யார் என்று எழுதிக்கொண்டு வருவதற்கு இருபது நாட்கள் இருந்தன. அதில் ஒரு நாள் அந்த வாயிலிலேயே கழிந்தது.

இன்று நான் சொல்லப் புகுவது இந்த வாயிலைப் பற்றித்தான். குடிமதிப்பு என்றால் கோடிகளும் இலட்சங்களும் நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் கோடி ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் ஒரு படியேறி, ஒரு கதவைத் தட்டி, ஒரு மனிதரோடு பேசி எழுதிய வரிகளால் ஆனது. கதவு திறக்காவிட்டால் வரி இல்லை. வரி இல்லாவிட்டால் மனிதர் இல்லை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நம் நாட்டில் குடிமதிப்புக்கு அடிப்படையாக இருப்பது 1948 ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 9 ஆம் பிரிவு, வீடாயினும், சுற்றுச்சுவருக்குள் அடங்கிய இடமாயினும், கப்பலாயினும், வேறெந்த இடமாயினும், அதில் குடியிருப்பவர் கணக்கெடுக்கும் அலுவலரை உள்ளே வர விடவேண்டும் என்கிறது. சுவரில் எண் எழுதவும் இடம் தரவேண்டும் என்கிறது. இதில் ஓர் அழகான வரம்பும் உண்டு. நாட்டு வழக்கத்துக்குப் பொருந்தியவாறு நியாயமான அளவுக்குத்தான் உள்ளே நுழையலாம். அதாவது, சட்டம் கையில் இருக்கிறது என்பதற்காகச் சமையலறை வரைக்கும் போய்விட முடியாது. அனுமதி மறுப்பவருக்கும், அலுவலரின் கடமையைத் தடுப்பவருக்கும் ஆயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

நான் அந்தப் பிரிவைக் காவற்காரரிடம் சொல்லவில்லை. சொல்லிப் பயனில்லை. மாதச் சம்பளத்துக்கு நிற்கும் ஒருவரை அபராதம் என்று மிரட்டினால், உள்ளே விட்டாலும் அவருக்குத் துன்பம், விடாவிட்டாலும் துன்பம். மேலும் 1948 இல் இச்சட்டத்தை வகுத்தவர்கள், குடியிருப்பவரையே முன்னிறுத்தி எழுதினார்கள். தெருவுக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவே ஒரு சங்கமும், ஒரு செயலாளரும், ஒரு காவற்காரரும் வந்து நிற்கப் போகிறார்கள் என்று அன்று யார் கண்டார்கள்! தெருவிலிருந்து இரண்டு படி ஏறினால் திண்ணை, திண்ணையைக் கடந்தால் வாசற்கதவு என்று இருந்த காலம் அது.

மாலையில் மீண்டும் போனேன். செயலாளர் வந்திருந்தார். படித்தவர், பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், என்னை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். பிறகு ஒரு யோசனை சொன்னார். "எதற்கு மேடம் நாற்பத்தெட்டு வீடும் ஏறி இறங்குகிறீர்கள்? எங்கள் பதிவேட்டில் எல்லாம் இருக்கிறது. படிவங்களை என்னிடம் விடுங்கள். இரண்டு நாளில் நிரப்பித் தந்துவிடுகிறேன்."

நல்ல மனத்தோடுதான் சொன்னார். என் முழங்காலும் அதை ஆமோதித்தது என்பதை மறைப்பானேன்? ஆனால் ஏற்க முடியாது. ஏன் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். குடிமதிப்பின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது.

சங்கத்தின் பதிவேட்டில் இருப்பது வீட்டின் உரிமையாளர் பெயர். அவர் துபாயில் இருக்கலாம். வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் வேறு. வாடகைக்கு எடுத்தவர் ஒருவராகவும், அவரோடு சேர்ந்து தங்கியிருக்கும் நண்பர்கள் நால்வராகவும் இருக்கலாம்; ஐவர் என்று தெரிந்தால் சங்கம் ஆட்சேபிக்கும் என்று ஒருவர் பெயரை மட்டும் சொல்லியிருப்பார்கள். வீட்டோடு தங்கி வேலை செய்யும் சிறுபெண் எந்தப் பதிவேட்டிலும் இருக்கமாட்டாள். பதிவேடு என்பது பராமரிப்புக் கட்டணம் வாங்குவதற்காக எழுதப்பட்டது. குடிமதிப்பு, இருப்பவரை எல்லாம் எழுதுவதற்காக ஏற்பட்டது. இரண்டின் நோக்கமும் வேறு. நோக்கம் வேறானால் பட்டியலும் வேறாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. அந்த ஆண்டுப் படிவத்தில் 29 கேள்விகள். பெயர், வயது, தாய்மொழி, படிப்பு, தொழில், பிறந்த இடம், கடைசியாக எங்கிருந்து இங்கு வந்தார், ஏன் வந்தார் என்று அவை நீளும். திருமணமான பெண்களிடம், எத்தனை குழந்தைகள் பிறந்தன, அவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றும் கேட்கவேண்டும். இதைச் செயலாளர் எப்படிச் சொல்வார்? சொல்லத் தெரிந்தாலும், அவர் சொல்லலாமா? சட்டத்தின் 15 ஆம் பிரிவு, இந்தக் கணக்கேடுகளைப் பார்வையிட யாருக்கும் உரிமை இல்லை என்கிறது; சிவில் வழக்கில் சாட்சியமாகவும் ஏற்கக்கூடாது என்கிறது. அரசாங்கத்துக்கு இரகசியமாகச் சொல்லும் செய்தியை அடுத்த வீட்டுக்காரர் கையால் எழுதிவைப்பது முறையாகாது.

இரண்டாம் மாடியில் ஒரு வீட்டில் இந்தக் கேள்விக்கு வந்தபோது நான் நடைவழியில் நின்றுகொண்டிருந்தேன். எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. "எத்தனை குழந்தைகள் பிறந்தன?" என்று கேட்டேன். கதவைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தப் பெண், "ஒன்று" என்றாள். பிறகு எதிர்க் கதவைப் பார்த்தாள். "உள்ளே வந்து உட்காருங்கள்" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகு, "மூன்று. ஒன்றுதான் இருக்கிறது" என்று சொன்னாள். நடைவழியிலேயே எழுதிக்கொண்டு போயிருந்தால் ஒன்று என்றே என் படிவம் சொல்லியிருக்கும். குழந்தை இறப்பைப் பற்றிய பெரிய பெரிய அட்டவணைகள் எல்லாம் இப்படிச் சாத்திய கதவுக்குப் பின்னால் சொன்ன விடைகளால் ஆனவைதாம். ஆகவே, 'உள்ளே விடுதல்' என்பது இரண்டு தடவை நடக்கவேண்டிய காரியம். ஒருமுறை சுற்றுச்சுவர் வாயிலில். மறுமுறை வீட்டு வாசலில்.

செயலாளரிடம் இவ்வளவும் சொன்னேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார். நான் வரும் நேரத்தையும் எழுதினார். மறுநாள் முதல் வாயில் திறந்தது. பின்னர் நானே கண்டுகொண்ட சில வழிகளும் உண்டு. காலையில் எட்டு மணிக்குள், இல்லாவிட்டால் மாலை ஏழுக்கு மேல் போகவேண்டும். லிப்டில் உச்சிக்குப் போய், படிவழியாக இறங்கிக்கொண்டே வரவேண்டும். ஒரு வீட்டில் நன்றாகப் பேசிவிட்டால், அந்த வீட்டு அம்மாளே அடுத்த வீட்டு மணியை அழுத்தி, "கணக்கெடுக்க வந்திருக்கிறார்கள், நம் பள்ளிக்கூடத்து டீச்சர்" என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு சொல்லுக்கு, அரசாங்க முத்திரையைவிட மதிப்பு அதிகம்.

இப்போது ஒரு கேள்வி: வீடு என்றால் என்ன? சிரிக்காதீர்கள். மாடிக் கட்டடத்தில் கணக்கெடுப்பவர் தடுமாறும் இடம் இதுதான். குடிமதிப்பு, கட்டடம், வீடு, குடும்பம் என்ற மூன்றையும் தனித்தனியே பிரிக்கிறது. தரையின்மேல் நிற்கும் முழு அமைப்பு கட்டடம். அதில், தெருவிலிருந்தோ பொது முற்றத்திலிருந்தோ பொதுப் படிக்கட்டிலிருந்தோ நுழைவதற்குத் தனித் தலைவாசல் உள்ள பகுதி ஒவ்வொன்றும் ஒரு வீடு. ஒரே அடுப்பில் சமைத்ததை உண்டு சேர்ந்து வாழ்பவர்கள் ஒரு குடும்பம். இரத்த உறவு வேண்டும் என்பதில்லை, அடுப்புத்தான் கணக்கு. வாடகைக்கு ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சமைத்துண்ணும் நண்பர்கள் ஐவரும் ஒரு குடும்பமே. ஒரே கூரையின்கீழ் இருந்தும், அண்ணனும் தம்பியும் தனித்தனியே உலை வைத்தால் இரண்டு குடும்பங்கள். நம் கிராமத்துப் பெரியவர்களும், 'அவர்கள் வேறு அடுப்பு' என்றுதான் பாகப்பிரிவினையைச் சொல்வார்கள். சட்டத்தாரும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இந்தக் கட்டடங்களையும் வீடுகளையும் முன்னதாகவே எண்ணிட்டுப் பட்டியல் போடுகிறார்கள். 2011 கணக்குக்கான பட்டியல் 2010 இல் எழுதப்பட்டது. அதற்குத் தனியே 35 கேள்விகள். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் மறு ஆண்டு மக்களை எண்ணப் போகிறோம். ஆகவே முதற்பட்டியலில் ஒரு வாசல் விடுபட்டால், அதன் பின்னால் இருப்பவர்களும் விடுபடும் ஆபத்து உண்டு. பட்டியலில் உள்ள வீடு பூட்டிக்கிடந்தால், அது ஆளில்லாத வீடா, ஆள் வெளியே போன வீடா என்று கண்டுபிடிக்க வேண்டும். வாசலில் கோலம் உண்டா, பால் பை தொங்குகிறதா, மின் கணக்கு அட்டையில் என்ன இருக்கிறது என்றெல்லாம் பார்த்துத் துப்பறிவாளர்போல் நின்றிருக்கிறேன். 2011 கணக்கில் நாடு முழுவதும் இருந்த ஏறக்குறைய 33 கோடி வீடுகளில், ஆளற்றவை ஏறக்குறைய இரண்டரைக் கோடி.

ஒருநாள் மூன்றாம் மாடியில் ஓர் அம்மையார், தம் மகனையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். மகன் அமெரிக்காவில் இருக்கிறான். ஆனால் அவன் அறை அப்படியே இருக்கிறது. கட்டில், புத்தகம், கிரிக்கெட் மட்டை எல்லாவற்றையும் காட்டினார். எழுத முடியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. பிப்ரவரி 9 முதல் 28 வரை முழுவதும் வீட்டில் இல்லாதவரை அந்த வீட்டில் எழுதக்கூடாது என்பது விதி. "அப்படியானால் அவன் எந்தக் கணக்கில் வருவான்?" என்று கேட்டார். "அங்கே எண்ணுவார்கள் அம்மா" என்றேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை. அடுத்த கேள்வி குடும்பத் தலைவர் பெயர். கணவர் பெயரைச் சொல்லமாட்டேன் என்று தலையசைத்து, வாசலில் மாட்டியிருந்த பெயர்ப் பலகையைக் காட்டினார். இதற்கும் சட்டம் இடம் தந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. வழக்கப்படி சொல்லக்கூடாத பெயரைச் சொல்லும்படி எந்தப் பெண்ணையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்று 8 ஆம் பிரிவில் எழுதியிருக்கிறார்கள்.

'அங்கே எண்ணுவார்கள்' என்று நான் சொன்ன அந்த நாட்டுக்கே இப்போது போவோம். அடுக்குமாடியும் குடிமதிப்பும் நேருக்கு நேர் மோதும் இடம் ஒன்றைக் காட்டவேண்டுமானால், நியூயார்க்கைத்தான் காட்டவேண்டும்.

அமெரிக்காவில் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்களை எண்ணவேண்டும் என்பது அந்நாட்டு அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது. முதற் கணக்கு 1790 இல் எடுத்தார்கள். அக்காலத்தில் இரகசியம் கிடையாது. எழுதிய பட்டியலை எல்லாரும் பார்க்கும்படி பொது இடங்களில் ஒட்டவேண்டும் என்றே சட்டம் இருந்தது. பிழை இருந்தால் பார்ப்பவர்கள் சொல்வார்கள் என்ற எண்ணம்! இப்போது நிலை தலைகீழாக மாறிவிட்டது. தனிமனிதர் விவரத்தை வெளியிடும் அலுவலருக்கு ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு.

அங்கே மாடிக் கட்டடங்களுக்கென்றே ஒரு சட்டப்பிரிவு இருக்கிறது. ஓட்டல், அடுக்குமாடி வீடு, தங்கும் விடுதி முதலியவற்றின் உரிமையாளரோ, மேலாளரோ, மேற்பார்வை பார்ப்பவரோ, முகவரோ, குடியிருப்பவர் பெயர்களைச் சொல்ல மறுத்தாலும், கணக்கெடுப்பவரைத் தாராளமாக உள்ளே வந்து போக விடாவிட்டாலும் 500 டாலர் வரை அபராதம். நம் சட்டம் வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசுகிறது. அவர்கள் சட்டம் வாயில் காப்பவரையும் கட்டடத்தை ஆள்பவரையும் பெயர் சொல்லி அழைக்கிறது. நகரம் எப்படி வளர்ந்திருக்கிறதோ, அப்படிச் சட்டமும் எழுதப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

2020 ஏப்ரல் 1 ஆம் நாளைக் கணக்கு நாளாக வைத்து அங்கே எண்ணியபோது, இணையத்திலும், தொலைபேசியிலும், அஞ்சலிலும் மக்களே பதில் அனுப்ப வழி செய்திருந்தார்கள். மூன்று வீட்டில் இரண்டு வீட்டார் அனுப்பினார்கள். மீதி ஒரு பங்கு வீடுகளுக்கு ஆள் போகவேண்டும். அந்த வேளையில்தான் கொரோனா நோய் பரவியது. வேனிலில் முடிய வேண்டிய வேலை, அக்டோபர் 15 வரை இழுத்தது. அந்நியர் யாரும் கட்டடத்துக்குள் வரக்கூடாது என்று பல இடங்களில் கட்டுப்பாடு இருந்த காலம் அது. கதவைத் தட்டுபவர் நோயைக் கொண்டுவருவாரோ என்று அஞ்சிய காலம். பலமுறை போயும் வீட்டார் அகப்படாவிட்டால், அண்டை வீட்டாரையோ கட்டட மேலாளரையோ கேட்டு எழுதிக்கொள்ள அங்கே விதி உண்டு. ஆனால் மூன்றாமவர் சொல்லும் கணக்கு எப்படி இருக்கும் என்பதை என் செயலாளரின் பதிவேடே உங்களுக்குச் சொல்லியிருக்கும்.

2021 ஏப்ரல் 26 ஆம் நாள் முடிவை அறிவித்தார்கள். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 435 இடங்கள். மக்கள்தொகைக்கு ஏற்ப அவற்றை மாநிலங்களுக்குப் பங்கிடுவார்கள். நியூயார்க் மாநிலத்துக்கு அதுவரை 27 இடங்கள் இருந்தன. அவை 26 ஆயின. கடைசி இடம் மின்னசோட்டா மாநிலத்துக்குப் போயிற்று. மற்ற மாநிலங்களின் எண்கள் அப்படியே இருக்க, நியூயார்க் இன்னும் எத்தனை பேரைக் காட்டியிருந்தால் அந்த இடம் அதற்கே நின்றிருக்கும் தெரியுமா? 89 பேர். இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களில் 89 பேர்! நான் கணக்கெடுத்த குடியிருப்பின் ஒரு கட்டடத்தில் இருந்தவர்கள்கூட அதற்கு மேல் இருப்பார்கள்.

கதையை இங்கே நிறுத்தினால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் உண்மை பாதியாகிவிடும். கணக்கெடுப்பு முடிந்த பிறகு, மாதிரிக்குச் சில பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மீண்டும் எண்ணிச் சரிபார்ப்பது உண்டு. 2022 இல் வெளிவந்த அந்தச் சரிபார்ப்பு, நியூயார்க் மாநிலத்தில் உள்ளதைவிட நூற்றுக்கு மூன்றுக்கு மேல் கூடுதலாகவே எண்ணிவிட்டார்கள் என்று மதிப்பிட்டது. மின்னசோட்டாவிலும் அப்படியே. கூடுதல் எப்படி வரும்? ஒருவரையே இருமுறை எழுதினால் வரும். இரண்டு வீடு உள்ளவர் இரண்டிலும் எண்ணப்படலாம். கல்லூரி விடுதியில் இருக்கும் மாணவரைப் பெற்றோரும் தம் வீட்டில் எழுதிவிடலாம். அதே சரிபார்ப்பு இன்னொன்றையும் காட்டியது. சொந்த வீட்டில் இருப்பவர்கள் நாடு முழுவதும் சிறிது மிகையாக எண்ணப்பட்டார்கள். வாடகைக்கு இருப்பவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பேர் விடுபட்டார்கள். மொத்தத்தில் கூட்டல் கழித்தல் ஈடாகி, எண் சரியாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் இருமுறை எழுதப்பட்டவர் வேறு, எழுதப்படாதவர் வேறு. ஒருவருக்காக மற்றவர் ஈடாக மாட்டார்.

நம் நாட்டிலும் இத்தகைய சரிபார்ப்பு உண்டு. 2011 கணக்கில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 23 பேர் விடுபட்டார்கள் என்று அது கண்டது. கிராமத்தைவிட நகரத்தில்தான் அதிகம். ஆயிரத்துக்கு 23 என்பது சிறிதாகத் தோன்றலாம். 121 கோடிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டே முக்கால் கோடிக்கு மேல் வருகிறது. 2013 ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி எந்த மாநிலத்தில் எத்தனை பேருக்கு மலிவு விலைத் தானியம் என்பதைக்கூட 2011 கணக்கை வைத்தே வகுத்தார்கள் என்பதை நினைத்தால், விடுபடுதல் வெறும் காகித விஷயம் அன்று என்பது விளங்கும்.

முற்காலத்தில் இதைவிட எளிதாக இருந்ததோ என்று கேட்கலாம். இந்தியா முழுவதும் ஒரே நேரத்தில் எடுத்த முதற் கணக்கு 1881 பிப்ரவரி 17 அன்று இரவு. 1931 வரை ஒரே இரவுக் கணக்குத்தான். முன்கூட்டியே எழுதிவைத்த ஏடுகளோடு, அந்த இரவில் விளக்கை ஏந்தி வீடு வீடாகப் போய், இருப்பவரைச் சேர்த்து இல்லாதவரை அடிப்பார்கள். 1941 முதல் அந்த முறையைக் கைவிட்டார்கள். ஒரே இரவில் இலட்சக்கணக்கான ஆட்களைத் தெருவில் இறக்குவது கடினம். இப்போது அந்த ஓரிரவு முறையில் மிஞ்சியிருப்பது ஒன்றே. வீடற்றவர்களை மட்டும் கடைசி நாள் இரவில் எண்ணுகிறோம். 2011 பிப்ரவரி 28 இரவு, நடைபாதையில் உறங்குபவர்களை எழுதப் போனபோது எந்த வாயிலும் குறுக்கே நிற்கவில்லை. கூரை இல்லாதவரைக் கண்டு எழுதுவது ஒரு வகையில் எளிது. மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பவரைக் காண்பதே அரிது.

அன்று மாலை அந்த அடுக்குமாடியில் என் வேலை முடிந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன். நாற்பத்தெட்டு வீடும் எழுதியாயிற்று. பையை மூடிக்கொண்டு வாயிலுக்கு வந்தேன். காவற்காரர் கதவைத் திறந்துவிட்டு, "முடிந்ததா அம்மா?" என்று கேட்டார். முடிந்தது என்றேன். சற்றுத் தயங்கி, "எங்களை எல்லாம் எழுதமாட்டீர்களா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கார்கள் நிறுத்தும் தரைத்தளத்தில், மின்னாக்கிப் பொறிக்குப் பக்கத்தில், படிக்கட்டின் அடியில் ஒரு தகரக் கதவு இருந்தது. இருபது நாளாக அதைக் கடந்து போய்க்கொண்டிருந்தேன். சாமான் அறை என்று நினைத்தேன். 2010 இல் வீட்டுப் பட்டியல் எழுதியவரும் அப்படியே நினைத்திருக்க வேண்டும். அதற்கு எண்ணே இல்லை. உள்ளே அவரும், அவர் மனைவியும், எட்டாம் வகுப்புப் படிக்கும் பேரனும் இருந்தார்கள். ஓர் அடுப்பு இருந்தது. பொதுப் படிக்கட்டை நோக்கி ஒரு வாசல் இருந்தது. வீட்டுக்கும் குடும்பத்துக்கும் நான் மேலே சொன்ன இலக்கணம் எல்லாம் அங்கே குறைவின்றிப் பொருந்தியது.

திருவண்ணாமலைப் பக்கத்து ஊர். "அங்கே உங்கள் தம்பி வீட்டில் உங்களைச் சேர்த்துச் சொல்லியிருப்பார்களா?" என்று கேட்டேன். ஒருவரை இரண்டு இடத்தில் எழுதிவிடக்கூடாதே என்ற கவலை எனக்கு. அவர் கைப்பேசியை எடுத்துத் தம்பியிடம் பேசினார். கணக்கெடுப்பவர் வந்து போய்விட்டார்; இவர்களை எழுதவில்லை; "அண்ணன் மெட்ராஸில் இருக்கிறார், அங்கே எழுதிக்கொள்வார்கள்" என்று தம்பி சொல்லிவிட்டார். மூன்று பேர் இரண்டு ஊருக்கும் இல்லாமல் போக இருந்தார்கள். பக்கத்து வீட்டு எண்ணுக்குத் துணை எண் ஒன்று கொடுத்துப் பட்டியலில் சேர்த்து, காரின்மேல் படிவத்தை வைத்து எழுதினேன். இடம் பெயர்ந்ததற்குக் காரணம் என்ற கட்டத்துக்கு வந்தபோது, 'வேலை' என்றார். ஊரில் என்ன வேலை பார்த்தார் என்று கேட்கக் கட்டம் இல்லை, கேட்டேன். சொந்தக் காணியில் உழவு என்றார்.

மார்ச் 1 முதல் 5 வரை மறுபார்வை நாட்கள். நாம் எழுதிவிட்டு வந்த பிறகு, மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவுக்கு முன் பிறந்தவரைச் சேர்க்கவேண்டும்; இறந்தவரை நீக்கவேண்டும். 3 ஆம் தேதி மறுபடியும் போனேன். இப்போது வாயில் நான் வருவதைக் கண்டே திறந்தது. காவற்காரர், "நாலாவது மாடியில் பேரன் பிறந்திருக்கிறான் அம்மா, போய் எழுதிக்கொள்ளுங்கள்" என்று மகிழ்ச்சியோடு சொன்னார்.

மேலே போனேன். பாட்டி கற்கண்டு கொடுத்தார். எப்போது பிறந்தான் என்று கேட்டேன். மார்ச் 1, விடியற்காலை நாலு மணிக்கு. நான் பேனாவை மூடிவிட்டேன். நள்ளிரவு பன்னிரண்டு மணி என்ற கோட்டுக்கு நாலு மணி நேரம் பிந்தி வந்துவிட்டான். "அடுத்த கணக்கில் எழுதிக்கொள்ளலாம், பத்து வருஷந்தானே" என்று பாட்டிக்குச் சமாதானம் சொன்னேன்.

அந்த அடுத்த கணக்கு 2021 இல் நடக்கவில்லை, கொரோனாவால் தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் 1 ஆம் நாளின் முதற் கணத்தைக் கணக்கு நேரமாக வைத்து எண்ணப்போவதாக 2025 ஜூன் மாதத்தில் அறிவித்தார்கள். கைப்பேசிச் செயலியில் எழுதுவதாகவும், விரும்பும் குடும்பத்தார் தாங்களே இணையத்தில் நிரப்புவதாகவும் ஏற்பாடு. அறிவித்தபடி நடந்தால், அந்தப் பையனை முதன்முறையாக எழுதும் அலுவலர், நிரம்பிய வயது என்ற கட்டத்தில் பதினைந்து என்று போடுவார். பதினாறு நிரம்ப நாலு மணி நேரம் குறைவாக இருக்கும்.